கிளாட் ரெய்ன்ஸ் ஏன் நாயகனாகவில்லை?

கேள்வியை முதலில் என் சொற்களில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். 'காசாபிளாங்கா' திரைப்படத்தை அண்மையில் முதன்முறையாகப் பார்த்த நீங்கள், அதில் பிரெஞ்சுக் காவல்துறைத் தலைவர் லூயி ரெனோவாக வரும் கிளாட் ரெய்ன்ஸ், நாயகனாக வரும் ஹம்ப்ரி போகார்ட்டையே பல இடங்களில் விஞ்சிவிடுகிறார் என்று கருதுகிறீர்கள். நான்கு முறை ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அவர் ஒருமுறைகூட அதைப் பெறவில்லை என்று பிறகு படித்திருக்கிறீர்கள். இத்தனை திறமை உள்ளவர் ஏன் நாயகனாக உயரவில்லை, ஆங்கிலேயர் என்பதால் ஹாலிவுட் அவரை ஓரங்கட்டிவிட்டதா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: வாழ்நாள் முழுவதும் குணச்சித்திர வேடங்களில் நடித்தவரை வாய்ப்புத் தவறிய நாயகன் என்று எண்ண வேண்டுமா, அல்லது அது தனக்கென்று இலக்கணம் கொண்ட வேறொரு தொழிலா? நான் மேடை நடிகர்களுக்குக் குரற்பயிற்சி அளித்து வருபவன், வரலாற்றாய்வாளன் அல்லன். ரெய்ன்ஸின் குரலை நீண்ட காலமாக வகுப்பில் பாடமாகப் போட்டுக் காட்டி வருகிறேன். ஆகவே குரல் பற்றியும் நடிப்புத் தொழில் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். ஸ்டூடியோக்களின் கணக்குவழக்குப் பற்றி நான் சொல்வதைப் படித்தறிந்தவன் ஒருவனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலேயர் என்பதால் ஒதுக்கப்பட்டார் என்னும் ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம், ஏனெனில் அது நிச்சயமாகத் தவறு. அவர் காலத்து ஹாலிவுட்டில் ரொனால்ட் கோல்மன், லெஸ்லி ஹோவர்ட் ஆகிய ஆங்கிலேயர்கள் நாயகர்களாகவே கொடிகட்டிப் பறந்தார்கள். பிரிஸ்டல் நகரில் பிறந்த கேரி கிராண்ட் அமெரிக்கத் திரையின் மிகப் பெரிய நாயகர்களுள் ஒருவரானார். ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' படத்தில் நாயகன் கேரி கிராண்ட், எதிர்நாயகன் ரெய்ன்ஸ். இருவரும் இங்கிலாந்தில் பிறந்தவர்கள், இருவருமே அப்படத்தில் ஆங்கிலேயராக நடிக்கவில்லை. 1920-களின் இறுதியில் படங்கள் பேசத் தொடங்கியபோது, ஒலிவாங்கிக்கு முன் தெளிவாகப் பேசத் தெரிந்தவர்களுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. லண்டன், நியூயார்க் மேடைகளில் பழகிய குரல்களை ஸ்டூடியோக்கள் தேடித்தேடி அழைத்த காலம் அது. ஆங்கில உச்சரிப்பு அங்கு ஒரு மூலதனம். ரோமானியப் பேரரசனோ, பிரெஞ்சு அதிகாரியோ, ஆஸ்திரியப் பிரபுவோ, அமெரிக்கரல்லாத, கொஞ்சம் பழமையும் அதிகாரமும் கொண்ட எவரும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேசலாம் என்ற எழுதப்படாத விதியை ரசிகர்களும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பிரிட்டிஷ் குழுவுக்குள்ளும் வகைகள் இருந்தன. சி. ஆப்ரி ஸ்மித் என்பவர் 1889-இல் தென்னாப்பிரிக்காவில் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். டெஸ்ட் ஆட்டம் அவர் ஆடியது ஒன்றே ஒன்றுதான். அதில் அணித்தலைவரும் அவரே. 1932-இல் ஹாலிவுட் கிரிக்கெட் சங்கத்தைத் தொடங்கிய அவர், திரையில் பெரும்பாலும் நரைத்த மீசையுடைய கர்னல்களாகவும் பிரபுக்களாகவும் வந்தார். ஆர்தர் ட்ரீச்சர் என்றால் வீட்டுப் பணியாளர்களின் தலைவர். நைஜல் புரூஸ் என்றால் நல்ல உள்ளமும் மந்த புத்தியும் கொண்ட நண்பர், குறிப்பாக டாக்டர் வாட்சன். ஒரே முகத்தை, ஒரே மிடுக்கை மறுபடி மறுபடி விற்றுக் கௌரவமாக வாழ்ந்தவர்கள் இவர்கள், இதை நான் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. ரெய்ன்ஸ் இந்த வரிசையில் அடங்காதவர். அமெரிக்க செனட்டர், பிரான்சின் மூன்றாம் நெப்போலியன், ஸ்பானியத் தூதர், யூத நிதியாளர், பிரேசிலில் பதுங்கிய நாஜி, மனநல மருத்துவர், ஜூலியஸ் சீசர் என்று அவர் ஏற்ற வேடங்களுள் ஆங்கிலேய வேடங்கள் சிறுபான்மைதான் என்பது பலர் கவனிக்காத செய்தி.

அந்தக் குரலின் வரலாறுதான் உங்கள் கேள்விக்கு வேர். 1889 நவம்பர் 10 அன்று லண்டனில், தேம்ஸ் நதிக்குத் தெற்கே, வறிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை பிரெட் ரெய்ன்ஸ் நடிகர்தான், ஆனால் நிலையான வருமானம் இல்லாதவர். குழந்தைகள் பலர் இளமையிலேயே இறந்துபோன வீடு. சிறுவன் பேசியது லண்டன் உழைக்கும் மக்களின் காக்னி வழக்கு; அதோடு ரகர ஒலி நாவில் வராத குறையும் இருந்தது. தன் தந்தை (இயற்பெயர் வில்லியம்) சிறுவயதில் தம்மை 'வில்லி வெய்ன்ஸ்' என்றே சொல்லிக்கொண்டார் என்று மகள் ஜெசிகா பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பத்து வயதில் மேடையேறி, பிறகு ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ நடத்திய நாடக அரங்கில் நடிகர்களைக் காட்சிக்கு அழைக்கும் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, வசனம் எடுத்துக்கொடுப்பவராகி, படிப்படியாக மேடை மேலாளரானார். பையனிடம் ஏதோ இருப்பதைக் கண்ட ட்ரீ, உச்சரிப்புப் பயிற்சிக்குத் தம் பணத்தைக் கொடுத்தார். நாம் இன்று கேட்டு வியக்கும் அந்தப் பளிங்குக் குரல் பிறப்பால் வந்ததன்று. ஒவ்வொரு உயிரொலியையும் தேய்த்துத் தேய்த்துச் செய்துகொண்டது. என் மாணவர்களிடம் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பிறவியிலேயே உயர்குடி உச்சரிப்பு வாய்த்தவர்கள் சொற்களை இயல்பாக விழுங்குவார்கள், ரெய்ன்ஸ் ஒருபோதும் விழுங்குவதில்லை என்பதுதான். சொல்லின் கடைசி மெய்யெழுத்துவரை ஒலித்து முடிக்கிறார். அப்படி முடித்தும் அது செயற்கையாகத் தோன்றாதது எப்படி என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

முதல் உலகப்போர் மூண்டபோது அவர் லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவில் சேர்ந்தார். பின்னாளில் ஹாலிவுட்டில் பெயர்பெற்ற பேசில் ராத்போன், ரொனால்ட் கோல்மன், ஹெர்பர்ட் மார்ஷல் ஆகியோரும் அதே படைப்பிரிவில் பணியாற்றியவர்கள். பிரான்சின் விமி பகுதியில் நடந்த நச்சுவாயுத் தாக்குதலில் ரெய்ன்ஸ் ஒரு கண்ணின் பார்வையை ஏறத்தாழ முழுவதுமாக இழந்தார். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர் போர் முடியும்போது கேப்டனாக இருந்தார். இவ்வளவும் உறுதியான செய்திகள். அந்த நச்சுவாயு தொண்டையையும் தாக்கியது, அவர் குரலில் இருக்கும் புகைபடிந்தாற்போன்ற கரகரப்பு அதனால் வந்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். இதை நான் ஐயத்துடனே பார்க்கிறேன். குரல்நாண் சேதமடைந்தவர்களின் பேச்சில் மூச்சு கசியும். நீண்ட வாக்கியங்களின் நடுவே மூச்சு வாங்க நேரும். ரெய்ன்ஸ் திரையில் பேசும் நீண்ட வாக்கியங்களில் அந்தக் கசிவை என்னால் கேட்க முடியவில்லை; கரகரப்பை வேண்டும்போது சேர்க்கவும் வேண்டாதபோது நீக்கவும் அவரால் முடிந்தது. போர்க் காயம் ஓரளவு காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் பெரும்பகுதி பயிற்சியின் விளைவு என்பது என் காதின் தீர்ப்பு. அதற்கு மருத்துவச் சான்று எதுவும் நான் காட்ட முடியாது.

போருக்குப்பின் லண்டன் மேடையில் நடித்துக்கொண்டே அரச நாடகக் கலைக் கழகத்தில் ஆசிரியராகவும் இருந்தார். ஜான் கீல்குட், சார்லஸ் லாட்டன் இருவரும் அங்கு அவருடைய மாணவர்கள். 1920-களின் நடுப்பகுதியில் அமெரிக்கா சென்று, நியூயார்க்கின் தியேட்டர் கில்ட் குழுவில் பல ஆண்டுகள் நடித்தார். திரையில் அதுவரை அவர் தோன்றியது 1920-இல் ஒரே ஒரு மௌனப் படத்தில் மட்டுமே. அந்த மேடை ஆண்டுகளைப் பற்றி நாம் பேசும் எதுவும் அன்றைய விமர்சனங்களையும் உடன் நடித்தவர்களின் நினைவுகளையும் நம்பியே அமைகிறது. செவியால் சரிபார்க்கக் கூடிய சான்று 1933-இல்தான் தொடங்குகிறது.

அந்தச் சான்று விசித்திரமானது. யுனிவர்சல் நிறுவனம் எடுத்த 'தி இன்விசிபிள் மேன்' படத்துக்கு முதலில் நினைக்கப்பட்டவர் போரிஸ் கார்லாஃப். அது கைகூடாமல் போகவே, இயக்குநர் ஜேம்ஸ் வேல், திரையுலகில் யாருக்கும் தெரியாத ரெய்ன்ஸைத் தேர்ந்தெடுத்தார். வேறொரு படத்துக்காக ரெய்ன்ஸ் நடித்துத் தோற்ற சோதனைக் காட்சியின் ஒலியைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுத்தான் வேல் அவரை முடிவுசெய்தார் என்று ஒரு கதை உலவுகிறது. சோதனைக் காட்சி எடுக்கப்பட்டதை நம்பலாம்; பக்கத்து அறை மட்டும் கொஞ்சம் அதிகப்படியான அலங்காரமாகத் தோன்றுகிறது. படம் முழுவதும் முகம் கட்டுத் துணிகளுக்குள் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. ஜான் ஃபுல்டன் செய்த தந்திரக் காட்சிகளில் கறுப்பு வெல்வெட் பின்னணியில் கறுப்பு வெல்வெட் உடுத்தி நடித்து, உடல் மறைந்து சட்டை மட்டும் தெரியும்படி படச்சுருள்களை இணைத்தார்கள். நடிகரின் முகம் திரைக்கு வருவது இறந்தபின், படத்தின் கடைசி நொடிகளில். படம் வெளியான மாதத்தில் அவருக்கு 44 வயது நிறைந்தது.

இந்தப் படத்தில் மாணவர்களுக்கு நான் திரும்பத்திரும்பக் கேட்கக் கொடுக்கும் காட்சி, கண்ணுக்குத் தெரியாத மனிதனாகிய கிரிஃபின் தன் காதலியோடு தனியறையில் பேசுவது. தாழ்ந்த சுருதியில், ஏறத்தாழ மன்னிப்புக் கேட்கும் தொனியில் தொடங்குகிறார். தன் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசப்பேச, குரல் பெருக்காமல் வேகம் மட்டும் ஏறுகிறது. பிறகு அதிகாரம் என்ற எண்ணம் தலைக்கேறியதும் சுருதி மேலே போகிறது. நிலவுகூடத் தன்னைக் கண்டு அஞ்சுவதாகச் சொல்லும்போதுதான் முழு வீச்சும் வெளிப்படுகிறது. சாதாரண நடிகர் மூன்றையும், அதாவது உரப்பு, வேகம், சுருதி ஆகியவற்றை, ஒன்றாக ஏற்றிவிட்டு உச்சத்தில் கையிருப்பில்லாமல் நிற்பார். ரெய்ன்ஸ் ஒன்றன்பின் ஒன்றாகச் செலவழிக்கிறார். முகபாவனையும் கண்களும் இல்லாமல், ஒரு மனிதன் அறிவிழக்கும் வழியைப் படிப்படியாகக் காதால் தொடர முடிகிறது. ஒரு குரலை வைத்து மட்டும் திரைவாழ்வு தொடங்கிய முதன்மை நடிகர் இவரைத் தவிர வேறெவரும் என் நினைவுக்கு வரவில்லை.

இனி, ஏன் நாயகனாகவில்லை என்பது. வயது முதற்காரணம். காதல் நாயகர்களை 25 வயதில் பிடித்து வளர்க்கும் ஸ்டூடியோவுக்கு 44 வயதுப் புதுமுகம் என்ன செய்ய முடியும்? உயரமும் குறைவு, ஐந்தரை அடியை ஒட்டியவர். 'நொட்டோரியஸ்' படத்தில் தம்மைவிட உயரமான இங்கிரிட் பெர்க்மனோடு நடந்துவரும் காட்சிக்காக, அவர் கால்களுக்குக் கீழே சரிவாக உயரும் பலகை அமைத்ததாக ஹிட்ச்காக்கே சொல்லியிருக்கிறார். ஆனால் உருவம் மட்டுமே தடை என்று முடித்துவிடவும் முடியாது. அவருடைய மாணவர் லாட்டன் பருத்த உடலும் அழகில்லாத முகமும் கொண்டவர். எட்டாம் ஹென்றியாக நடித்து முதன்மை நடிகருக்கான ஆஸ்கரை வாங்கினார். ஆக, வாசல் முழுவதுமாக அடைக்கப்படவில்லை. வேறுபாடு, என் கணிப்பில், இருவரின் நடிப்புக் குணத்தில் இருக்கிறது. லாட்டன் காட்சிக்குள் நுழைந்தால் மற்றவர்கள் அனைவரும் சுற்றுப்பொருளாகிவிடுவார்கள். ரெய்ன்ஸ் எதிரே நிற்பவரைப் பேசவைத்து, அவர் பேச்சைக் கேட்பதன் மூலம் நடிப்பவர். எதிராளி இல்லாமல் அவருடைய கலை முழுமையாவதில்லை.

ஸ்டூடியோவின் பக்கம் இருந்தும் பார்க்க வேண்டும். 1930-களின் நடுவில் அவர் வார்னர் சகோதரர்கள் நிறுவனத்தோடு நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டார். அக்கால ஒப்பந்தங்களின்படி நடிகருக்கு வாரச் சம்பளம். எந்தப் படம், எந்த வேடம் என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் நிறுவனம். மறுத்தால் சம்பளமில்லாத இடைநீக்கம்; அந்த நாட்களும் ஒப்பந்தக் காலத்தோடு சேர்க்கப்படும். 'ராபின் ஹூட்' படத்தில் அவரோடு நடித்த ஒலிவியா டி ஹாவிலண்ட் வழக்குத் தொடுத்து 1944-இல் வென்ற பிறகுதான் அந்த வழக்கம் உடைந்தது. இத்தகைய அமைப்பில் நாயகனைவிடக் குணச்சித்திர நடிகர் நிறுவனத்துக்குப் பயனுள்ளவர். நாயகனை ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்களுக்கு மேல் காட்டினால் மவுசு குறையும். ரெய்ன்ஸ் போன்றவரை எந்தப் படத்திலும் சேர்க்கலாம், சேர்த்தால் படத்தின் தரம் உயரும். 1938-இல் மட்டும் அவர் 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்'டின் இளவரசர் ஜான் உள்பட நான்கு படங்களில் நடித்தார். மைக்கேல் கர்டீஸ் என்ற ஒரே இயக்குநரிடம் ஏறத்தாழ பத்துப் படங்கள். தோல்விப் படத்தின் பழி நாயகன் தலையில் விழும். ரெய்ன்ஸ் அடுத்த வாரம் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். இதில் இழப்பும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1939-இல் 'தே மேட் மீ எ கிரிமினல்' படத்தில் நியூயார்க் துப்பறிவாளராக அவரைப் போட்டார்கள். அந்த வேடத்தில் அவரைப் பார்ப்பது, நல்ல வீணைக் கலைஞரிடம் தவிலைக் கொடுத்தது போல இருக்கும்.

1943-இல் வந்த 'ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா'வில் தலைப்புக்குரிய பேயுருவமே அவர்தான், ஆனால் பெயர்ப் பட்டியலில் பாடகர்களான நெல்சன் எடி, சுசன்னா ஃபாஸ்டர் இருவருக்குப் பின்னால் மூன்றாவதாகவே வருகிறார். 1944-இன் 'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்' படத்தில் ஸ்கெஃபிங்டன் அவரே. நாயகியோ பெட்டி டேவிஸ். ஆஸ்கர் வழங்கும் அகாதெமி ரெய்ன்ஸைத் துணை நடிகர் பிரிவிலேயே பரிந்துரைத்தது. படத்தின் பெயரைத் தாங்கும் மனிதர் துணை நடிகராக எண்ணப்பட்டார் என்பதில் உங்கள் மனக்குறைக்கு நியாயமான இடம் இருக்கிறது. டேவிஸ் தம்மோடு நடித்தவர்களில் தமக்கு மிகப் பிடித்தவர் ரெய்ன்ஸ் என்று பேட்டிகளில் சொல்லி வந்தார். இருவரும் நான்கு படங்களில் சேர்ந்து நடித்தார்கள். 'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்' எனக்கு முழுப் படமாகச் சற்று நீளம், அழகு போன பெண் என்ற கருவை அது போட்டு அடிக்கிறது. இருந்தும் உணவகத்தில் தன் சிறு மகளிடம் பெற்றோர் பிரியப்போவதைச் சொல்ல முயலும் தந்தையாக அவர் வரும் பகுதிக்காக அதைத் தவறவிடாதீர்கள்.

இப்போது ரெனோவுக்கு வருகிறேன். அவன் எழுத்தில் அருவருப்பான மனிதன் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். நாட்டைவிட்டுத் தப்ப வழியில்லாமல் தவிக்கும் அகதிப் பெண்களிடம் வெளியேறும் அனுமதிக்கு அவன் கேட்கும் விலை என்ன என்பதைப் படம் தெளிவாகவே உணர்த்துகிறது. அவனைப் பார்வையாளர்கள் வெறுக்காமல் இருக்க வேண்டும், கடைசியில் அவன் எடுக்கும் முடிவை நம்பவும் வேண்டும். படத்தின் இறுதிக்கட்டமே இதில்தான் தொங்குகிறது. ரெய்ன்ஸ் அதற்கு எடுத்துக்கொண்ட வழி, ரெனோ தன்னைப் பற்றி எந்த மயக்கமும் இல்லாதவன் என்பதைக் குரலிலேயே வைத்தது. சூதாட்டம் நடப்பதைக் கண்டு அதிர்ச்சியடைந்ததாக அறிவித்து விடுதியை மூடும் காட்சியை மறுபடி பாருங்கள். அதிகாரத் தொனியில் அதிர்ச்சி, அடுத்த கணமே தாம் வென்ற பணத்தைக் கொண்டுவந்து தரும் ஊழியரிடம் தாழ்ந்த, மரியாதையான நன்றி, உடனே அனைவரும் வெளியேறும்படி உரத்த கட்டளை. மூன்று தொனிகளுக்கும் நடுவே இடைவெளி இல்லை. நகைச்சுவை வருவதற்காக ஒரு நொடி நிறுத்தியிருந்தால் அது நையாண்டியாகியிருக்கும். நிறுத்தாததால் அது ஒரு மனிதனின் அன்றாட வழக்கமாகிவிடுகிறது. போகார்ட் இறுகிய முகத்தோடு குறைவாகப் பேசும் நாயகன். அவர் எண்ணங்களை நமக்குத் திறந்துகாட்ட எதிரே ஒருவர் சீண்டிக்கொண்டே இருக்க வேண்டும். போகார்ட் ஏற்ற ரிக் உள்ளுக்குள் நல்லவன் என்பதை நமக்கு முதலில் சொல்பவனே ரெனோதான். ஆகவே ரெய்ன்ஸ் போகார்ட்டை விஞ்சினார் என்பதைவிட, போகார்ட்டை நாயகனாக்கும் வேலையில் பாதியைச் செய்தார் என்பேன். அந்தப் பாதி வேலைக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

கேட்பதும் நடிப்பே என்பதற்கு இன்னும் நல்ல சான்று 1939-இன் 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்'. இளம் செனட்டராக வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அவையில் மணிக்கணக்காகப் பேசுகிறார். ஊழலுக்கு விலைபோன மூத்த செனட்டர் பெயினாக ரெய்ன்ஸ் பெரும்பகுதி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். ஒருகாலத்தில் அந்த இளைஞனின் தந்தைக்கு நண்பராக, அவரைப் போலவே இலட்சியவாதியாக இருந்தவர் பெயின். அந்தப் பழைய நட்பு அவர் முகத்தில் மேலெழுவதும் அவர் அதை அழுத்திவைப்பதுமாக நடக்கும் போராட்டம் இல்லையென்றால், ஸ்டூவர்ட்டின் உணர்ச்சிப் பெருக்குக்குத் திரும்ப எதிரொலி கிடைத்திருக்காது. 1946-இன் 'நொட்டோரியஸ்' அதைவிட நுட்பமானது. நாஜியாகிய செபஸ்டியன், நாயகியை மெய்யாகவே காதலிப்பவன் அவன் ஒருவன்தான் என்று நாம் ஐயுறும்படி நடிக்கிறார். அவருடைய தாயாக வரும் லியோபோல்டின் கான்ஸ்டன்டின் அவரைவிட நான்கு வயதுகூட மூத்தவர் அல்லர் என்று சொன்னால் என் மாணவர்கள் நம்புவதில்லை. தாய்க்கு முன் தோள்களைக் குறுக்கி, குரலின் நெஞ்சதிர்வை எடுத்துவிட்டுப் பேசித் தம்மைச் சிறுவனாக்கிக்கொள்கிறார்.

விருது பற்றிய உங்கள் வருத்தத்துக்குச் சில செய்திகள் ஆறுதலாகலாம். துணை நடிகர்களுக்கான ஆஸ்கர் பிரிவே 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் அவர்களுக்குச் சிலைகூடக் கிடையாது, பதித்த பட்டயம்தான். 1939-இல் ரெய்ன்ஸை வென்றவர் 'ஸ்டேஜ்கோச்' படத்தில் நடித்த தாமஸ் மிட்செல். அதே ஆண்டு 'மிஸ்டர் ஸ்மித்'திலும் மிட்செல் நடித்திருந்தார். 'காசாபிளாங்கா'வுக்காகப் பரிந்துரைக்கப்பட்டபோது விருது சார்லஸ் கோபர்னுக்குப் போனது. 'ஸ்கெஃபிங்டன்' ஆண்டில் வென்ற பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட், ஒரே வேடத்துக்காக முதன்மை நடிகர், துணை நடிகர் இரு பிரிவிலும் பரிந்துரைக்கப்பட்டவர். அந்தக் குழப்பத்துக்குப் பிறகு அகாதெமி விதியையே மாற்றியது. 1946-இல் வென்றவர் ஹரோல்ட் ரஸல், இரண்டாம் உலகப்போரின்போது இரு கைகளையும் இழந்த, தொழில்முறை நடிகரல்லாத படைவீரர். போரில் ஒரு கண்ணைக் கொடுத்தவர் போர்க்காலப் படைப்பணியில் கைகளைக் கொடுத்தவரிடம் தோற்றார் என்பதை அநீதிப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு தோல்விகளுக்கும் ஒரே காரணம் தேடுவது வீண். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஆண்டின் காற்று.

இணையத்தில் நீங்கள் படிக்கக்கூடிய சில செய்திகளை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். 1945-இன் 'சீசர் அண்ட் கிளியோபாட்ரா'வுக்கு அவர் பத்து லட்சம் டாலர் வாங்கினார், அத்தகைய சம்பளம் பெற்ற முதல் நடிகர் அவரே என்று பல இடங்களில் உள்ளது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய செய்தி போலத்தான் எனக்குப் படுகிறது. கடுங்குளிரில் கழுத்துத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு மகளோடு 'தி இன்விசிபிள் மேன்' பார்க்கப் போனபோது சீட்டுக் கொடுப்பவர் குரலை வைத்தே அவரை அடையாளம் கண்டார் என்ற கதை மகள் சொன்னது. வேறு சாட்சி இல்லாவிட்டாலும் நான் நம்ப விரும்பும் கதை அது. 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றதும், 1940-களில் பென்சில்வேனியாவில் பெரிய பண்ணை வாங்கிப் படப்பிடிப்பு இல்லாத நாட்களை அங்கே கழித்ததும் உறுதியானவை. ஹாலிவுட்டின் ஆங்கிலேயர் கிரிக்கெட் மைதானத்தில் கூடியபோது அவர் மண்ணையும் மாடுகளையும் பார்க்கப் போனார். ஆறு முறை திருமணம் செய்துகொண்டார். அது பற்றி எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நாயகன் வேடம் அவருக்கு முழுமையாகக் கிடைத்த இடம் மேடை. 1951-இல் ஆர்தர் கோஸ்லரின் நாவலைத் தழுவி சிட்னி கிங்ஸ்லி எழுதிய 'டார்க்னஸ் அட் நூன்' நாடகத்தில், தான் வளர்த்த புரட்சியாலேயே சிறையிலடைக்கப்படும் ரூபஷோவாகப் பிராட்வேயில் நடித்து, அந்த ஆண்டின் சிறந்த நடிகருக்கான டோனி என்னும் அமெரிக்க நாடக விருதைப் பெற்றார். அப்போது வயது 61. அதன்பின் திரையில் வேடங்கள் சிறுத்தன. இருந்தும் 1962-இல் டேவிட் லீனின் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் டிரைடன் என்ற அரசியல் அதிகாரியாக, ஒரு படத்தின் மொத்தச் சூழ்ச்சியையும் இரண்டு புருவ அசைவுகளில் சொல்லிவிடுகிறார். 1967 மே 30 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் காலமானார்.

ரெனோவின் இலகுத்தன்மை உங்களுக்குப் பிடித்திருந்தால் அடுத்து 1941-இன் 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டான்' பாருங்கள். குரலைத் தனியாகக் கேட்க விரும்பினால் 'தி இன்விசிபிள் மேன்' போதும். ஆனால் உங்கள் கேள்விக்கு நேராக விடைதரும் படம் என்று நான் கருதுவது, டேவிட் லீன் 1949-இல் எடுத்த 'தி பேஷனேட் ஃபிரண்ட்ஸ்'. அதில் ரெய்ன்ஸ், மனைவி வேறொருவரைக் காதலிப்பதை அறியும் வங்கியாளர். நாடகம் பார்க்கப் போனதாக மனைவியும் காதலரும் சொல்ல, நுழைவுச்சீட்டுகள் வீட்டிலேயே கிடப்பதைக் கண்டுவிட்ட கணவர், மதுவை ஊற்றிக் கொடுத்தபடி நாடகம் எப்படி இருந்தது என்று விசாரிக்கிறார். கதையில் அவர் மூன்றாம் ஆள், காதலர் வேடம் ட்ரெவர் ஹோவர்டுக்கு. அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த முறை கண்களை மூடிக்கொண்டு ரெய்ன்ஸின் கேள்விகளை மட்டும் கேளுங்கள். எந்தக் கேள்வியில் அவர் குரலிலிருந்து அன்பு விலகுகிறது என்று கண்டுபிடித்தால் இங்கேயே எழுதுங்கள், என் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் இதற்கு வெவ்வேறு விடைகள் வருகின்றன.